லயத்துக்கு எந்தத் திசையில் வாசல்?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் வழங்கிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)



வீடும் இயற்கையும் என்ற தலைப்பில் பேசப் போகிறோம் என்று அறிவித்த நாளிலிருந்தே நேயர்களின் கேள்விகள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை ஒரே கேள்விதான். கிழக்கு பார்த்த வீடா, வடக்கு பார்த்த வீடா, எதை வாங்கலாம்? தெற்கு பார்த்த வீடு ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது, குடும்பத்துக்கு ஆகுமா? ஒரு தாய் கேட்டது இன்னும் மனத்தில் நிற்கிறது. சமையலறை மூலை மாறி இருக்கிறதாம். இடித்துக் கட்டினால்தான் மகனுக்கு வேலை நிலைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கடன் வாங்கிச் செய்யலாமா என்று கேட்டார்.

நான் சோதிடருமல்ல, ஸ்தபதியுமல்ல. பலன் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் இந்த உரைக்காக நம் மக்களின் வரலாற்றைப் புரட்டியபோது ஒன்று உறுத்தியது. இந்த நாட்டுக்கு வந்த நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரிடம், வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்று ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யாரும் கேட்கவே இல்லை. கொடுத்த அறையில் குடியிருந்தோம். அப்படியானால் அந்த நூறு ஆண்டில் நம் மனையடி சாஸ்திரம் என்ன ஆயிற்று? எது கப்பலேறி வந்தது, எது அங்கேயே தங்கிவிட்டது? இன்று சொந்த வீடு வாங்கும் நிலைக்கு வந்தபின் நாம் பிடித்துக்கொண்டிருப்பது அந்தச் சாஸ்திரத்தின் சாரத்தையா, சக்கையையா?

குச்சியும் நிழலும்

முதலில் பழைய நூல்கள் எதைப் பேசின என்று பார்த்துவிடுவோம். தென்னாட்டுச் சிற்பிகள் வழிவழியாகக் கையாண்ட நூல்களில் மயமதமும் மானசாரமும் முக்கியமானவை. இரண்டும் வடமொழியில் உள்ளவை. மானசாரத்தைப் பிரசன்ன குமார் ஆச்சார்யா 1930களில் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மயமதத்தைப் பிரெஞ்சு அறிஞர் புரூனோ தாகான்ஸ் பதிப்பித்து மொழிபெயர்த்தார். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1970களில் அதை வெளியிட்டது. கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி இந்த மரபில் வந்தவர். 2011இல் மறைந்தார்.

மயமதம் வாசலில் தொடங்கவில்லை. மண்ணில் தொடங்குகிறது. நிலத்தின் நிறம் என்ன, மணம் என்ன, சுவை என்ன, எந்தப் பக்கம் சரிகிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. ஒரு குழி தோண்டி, எடுத்த மண்ணை அதிலேயே திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் நல்ல நிலம், சரியாக நிரம்பினால் நடுத்தரம், குறைந்தால் ஆகாது. குழியில் மாலையில் நீர் ஊற்றிவைத்து மறுநாள் காலையில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையிலும் இப்படிப்பட்ட குழிச் சோதனைகள் வருகின்றன. இன்று வீடமைப்பு நிறுவனங்கள் மண் பரிசோதனை என்று எந்திரம் வைத்துத் துளை போடுகிறார்களே, அதன் தாத்தா இதுதான். மண் இறுக்கமானதா, தளர்ந்ததா, நீரை உறிஞ்சுகிறதா, தேக்குகிறதா என்று தெரியாமல் அடித்தளம் போட்டால் சுவர் வெடிக்கும்.

அடுத்தது திசை. திசைகாட்டி இல்லாத காலத்தில் கிழக்கு எது என்று எப்படிக் கண்டார்கள்? மட்டப்படுத்திய தரையில் ஒரு முளையை நேராக நட்டு, அதை நடுவாக வைத்து வட்டம் போடுவார்கள். காலையில் முளையின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு குறி. மாலையில் மறுபக்கம் தொடும் இடத்தில் இன்னொரு குறி. இரண்டையும் நூல் பிடித்து இணைத்தால் அதுவே கிழக்கு மேற்கு. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, குச்சி நட்டு நிழல் பார்த்து, நூல் பிடித்து அரண்மனைக்கு இடம் வகுத்ததைச் சொல்கிறது. சங்க காலத்திலேயே இது தமிழர் அறிந்த தொழில். இதில் கவனிக்க வேண்டியது, எந்த மனையில் வீடு கட்டப் போகிறார்களோ அந்த மனையில், அந்த ஊர்ச் சூரியனை வைத்துத்தான் அளந்தார்கள். பக்கத்து ஊரில் எடுத்த அளவைக் கொண்டுவந்து வைக்கவில்லை.

பிறகு மனையைக் கட்டங்களாகப் பிரிப்பது. 64 கட்டம், 81 கட்டம் என்று வகைகள் உண்டு. நடுவில் வருவது பிரம்மாவின் இடம். அந்த இடத்தில் தூணோ சுவரோ வைக்காமல் திறந்து விடுவார்கள். தமிழ்நாட்டு முற்றம் வைத்த வீடுகளும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளும் அந்தத் திறந்த நடுவைச் சுற்றி எழுந்தவை. வெப்பக் காற்று மேலே போக, மழை நீர் உள்ளே இறங்க, பகல் முழுக்க வெளிச்சம் வர ஒரே ஏற்பாடு.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். கிழக்கோ வடக்கோ சரியும் நிலம் நல்லது என்கின்றன நூல்கள். தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பாலாறு, தென்பெண்ணை, காவிரி எல்லாம் மேற்கே பிறந்து கிழக்கே வங்கக் கடலுக்குப் போகின்றன. நிலமே கிழக்கு நோக்கித்தான் சரிகிறது. அங்கே வீட்டு நீர் கிழக்கே வடிவது ஆற்றோடு, ஏரியோடு ஒத்துப் போகிறது. இது என் விளக்கம்; நூல் காரணம் சொல்லவில்லை.

செங்கல் வெந்த ஊர்

இனி நம் ஊருக்கு வருவோம். 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீப்பற்றி எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் மூழ்கடித்தது. அப்போது ஊர் முழுவதும் மரமும் அத்தாப்புக் கூரையும்தான். 1882இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், 1884இல் இனிக் கட்டடங்கள் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். செங்கல் எங்கிருந்து வரும்? களிமண் நிறைந்த ஒரு பகுதியில் சூளைகள் எழுந்தன. சீனர் தலைவர் காப்பித்தான் யாப் குவான் செங்கின் சூளைகளும் அங்கே இருந்தன. அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்று பூமாலையும் பட்டுப்புடவையும் விற்கும் தெருக்களின் அடியில் கிடப்பது கோலாலம்பூரைக் கட்டிய மண்.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே பெருகப் பெருக, தண்டவாளம் போடத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்களும், கணக்கெழுதவும் நிலையம் நடத்தவும் யாழ்ப்பாணத்திலிருந்து படித்தவர்களும் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊராயிற்று. வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ் எழுந்தது. ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்ற பெயரைக் கேட்டாலே மூத்தவர்கள் முகம் மலரும்.

நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணிக்கு இங்கே கிடைத்தது அந்த வரிசையில் ஒரு கதவு. வாசல் சாலையைப் பார்த்தது. சாலை தண்டவாளத்தைப் பார்த்தது. சூரியனை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பழைய அரசாங்க வீடுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயர்ந்த கூரை, கதவுக்கு மேலே காற்றுப் போக இடைவெளி, முன்னால் நிழலுக்கு வராந்தா. இதெல்லாம் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் இந்தியாவில் வெயிலில் வெந்து கற்ற பாடம். பங்களா என்ற சொல்லே வங்காளத்து வீட்டிலிருந்து வந்ததுதானே. நம் பாட்டன் வீட்டுத் திண்ணையின் உறவுக்காரர் அந்த வராந்தா.

லெபோ அம்பாங்கில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. பணம் படைத்தவர்கள், திசை பார்த்து வீடு கட்ட வசதியுள்ளவர்கள் இவர்கள்தாம். காரைக்குடிப் பக்கம் அவர்கள் கட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசலில் நின்று பார்த்தால் வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டு வரை பார்வை போகும், காற்றும் போகும். கூரை நீர் முற்றத்தில் இறங்கும், ஊர் நீர் ஊருணியில் சேரும். ஆனால் கோலாலம்பூரில் அவர்கள் இருந்தது ஐந்தடி நடைபாதையும் நடுவில் சிறிய காற்றுக் கிணறும் கொண்ட நீண்ட கடைவீட்டில். ஆளுக்கொரு பெட்டியடி, கணக்குப் புத்தகம், படுக்கப் பாய். குடும்பம் ஊரில் இருந்தது. வீடு என்பது அங்கே, தொழில் மட்டும் இங்கே என்று வாழ்ந்தவர்களுக்கு இங்கே வாஸ்து தேவைப்படவில்லை. லயத்துத் தமிழனின் நிலை அப்படியல்ல. அவன் பிள்ளை பெற்றதும் வளர்த்ததும் இங்கே.

கிள்ளானில் ஒரு மருத்துவர்

கிள்ளானைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், திறக்கப்பட்டது. சதுப்பு நிலம். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா புகுந்து, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்குப் போயிற்று. அதே ஆண்டு கிள்ளான் மாவட்டத்துக்கு மருத்துவராக வந்தவர் மல்கம் வாட்சன். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரோனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவில் கண்டுபிடித்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் அதை நம்பினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார். காய்ச்சல் இறங்கியது. வெப்பநாடுகளில் கொசுவை ஒழித்து ஒரு நகரத்தைக் காப்பாற்றிய முதல் முயற்சிகளில் ஒன்றாகக் கிள்ளானை உலகம் பேசியது.

இதுவரை பலர் அறிந்த கதை. எனக்குப் பிடித்தது இதற்கடுத்த பகுதி. அதே வைத்தியத்தை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது பலிக்கவில்லை. காட்டை வெட்டியதும் காய்ச்சல் கூடியது! காரணம் பிறகுதான் புலப்பட்டது. தாழ்நிலத்தில் மலேரியா பரப்பிய கொசு, நிழல் விழுந்த சதுப்பில் முட்டையிடும் வகை. மலையில் இருந்தது வேறு வகை. வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகுவது. மரத்தை வெட்டி வெயிலை உள்ளே விட்டவர்கள் அந்தக் கொசுவுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தார்கள். வாட்சன் தம் முறையை மாற்றிக்கொண்டார். மலைகளில் ஓடை நீரை நிலத்தடிக் குழாயில் விட்டார், பின்னர் நீர்மேல் எண்ணெய் தெளித்தார். தம் மலேரியாத் தடுப்புப் பணியைப் பற்றி 1911இல் நூலும் எழுதினார். ஒரே மாவட்டம், பத்துப் பதினைந்து மைலுக்குள் விதி தலைகீழாகிவிட்டது. நிலத்தைப் படித்துவிட்டு விதியைச் சொல் என்ற மயமதத்தின் முதல் பாடத்தை அந்த ஸ்காட்லாந்துக்காரர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் செய்தது அதைத்தான்.

அந்தக் காய்ச்சலில் விழுந்தவர்களில் பெரும் பகுதியினர் நம்மவர்கள். அவர்கள் இருந்த லயங்களை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, அதற்குள் ஒரு குடும்பம். பழைய லயங்கள் தூண்மேல் உயர்த்திக் கட்டிய நீண்ட கொட்டகைகள். மேலே படுக்கை, கீழே அடுப்பு. சில தோட்டங்களில் இரண்டு வரிசை அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். அப்படியானால் பின்பக்கச் சன்னலுக்கே இடமில்லை. முன்வாசல் வழி வந்த காற்று முன்வாசல் வழியே திரும்ப வேண்டியதுதான். மனையடி சாஸ்திரப் புத்தகங்களில் ஒவ்வோர் அடி அளவுக்கும் ஒரு பலன் போட்டிருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு லயத்துக்கு என்ன பலன் என்று புத்தகம் பார்க்கத் தேவையில்லை, தாத்தாக்களைக் கேட்டால் போதும்.

துரையின் பங்களா எங்கே இருந்தது? மேட்டில். காற்று வரும் இடத்தில், நாலாபுறமும் வராந்தாவோடு. லயம் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில், மண்டோரின் குரல் எட்டும் தூரத்தில். இடம் பார்த்துக் கட்டும் அறிவு அந்தத் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. அது யாருக்குப் பயன்பட்டது என்பதுதான் விஷயம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தை நாம் சம்பளப் போராட்டம் என்றே படித்திருக்கிறோம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்தது இருந்தது. இன்னொன்றும் இருந்தது: உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். நன்றாக எண்ணிப் பாருங்கள். சொந்த மாமனும் மச்சானும் வீட்டுக்கு வர இன்னொருவர் அனுமதி தேவை என்றால் அதை வீடு என்று எப்படிச் சொல்வது? நாதன் கைது செய்யப்பட்டார், இராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் தனிச் சட்டம் 1966இல்தான் வந்தது. 1990இல் அதற்குப் பதில் புதிய சட்டம் வந்தது. 2019இல் திருத்தப்பட்ட பின் அதே சட்டம் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளுக்கும் பொருந்துகிறது. நாம் காலி செய்த நெரிசலில் இன்று வங்காளதேசத்துப் பிள்ளைகளும் நேப்பாளத்துப் பிள்ளைகளும்.

பெண்கள் கொண்டுவந்த சாஸ்திரம்

வாசலைத் திருப்ப முடியாது, அறையைக் கூட்ட முடியாது. அப்போது என்ன செய்தார்கள்? கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள். செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

விடியுமுன் பால்மரம் சீவப் போக வேண்டிய பெண், அதற்கு முன்னால் எழுந்து வாசலைக் கூட்டிச் சாணம் தெளித்துக் கோலம் போட்டாள். கிழக்கு வாசல் கிடைக்கவில்லை என்றால் கிடைத்த வாசலைப் புனிதமாக்கிக்கொண்டாள். லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் வைத்தாள். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாழைக்குப் போயின. இன்று ‘கழிவுநீர் மறுபயன்பாடு’ என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள். மதிய வெயிலில் தகரக் கூரை கொதிக்கும்போது குழந்தைகளுக்குப் பாய் விரித்தது மரத்தடியில். ஆண்கள் கூடி மரமும் நிழலும் உள்ள இடமாகப் பார்த்து மாரியம்மனுக்குக் கோவில் எழுப்பினார்கள். குடியிருக்கும் அறைக்கு இடம் பார்க்கும் உரிமை இல்லாதவர்கள் அம்மனுக்கு இடம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாலு லயத்துக்கும் நடுவே இருந்த திடல்தான் அவர்களுக்கு முற்றம். அங்கேதான் கல்யாணம், அங்கேதான் கூத்து, அங்கேதான் சண்டையும்.

இதில் பலன் பார்ப்பது எங்கேயும் இல்லை. நிழல், நீர், காற்று, சுத்தம், கூடியிருக்க ஓர் இடம். புத்தகத்திலிருந்து கப்பலேறி வந்தது இவ்வளவுதான். இதுவே சாரம் என்பேன்.

மூன்றாவது பாகையில்

பிறகு தோட்டங்கள் விலை போயின. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆனது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரமும் ஆனது. சீபீல்டு தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கியது. வேலை போனால் லயமும் போயிற்று. பலர் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். படித்து முன்னேறிய பிள்ளைகள் தாமானில் தரைவீடு வாங்கினார்கள். முதல் முறையாக நம்மிடம் கேட்டார்கள்: எந்த வீடு வேண்டும்? அந்த நேரம் பார்த்துத்தான் வாஸ்து ஆலோசனை பெரிய வியாபாரமாக வந்து நின்றது.

ஒரு தாமான் சாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இந்தப் பக்கம் இருபது வீடு கிழக்கு பார்த்தால் எதிர்ப்பக்கம் இருபது வீடு மேற்கு பார்த்தே தீரும். திசையில்தான் வாழ்வு என்றால், சாலைக்கு ஒரு பக்கம் வாழ்ந்து மறுபக்கம் நொடிந்திருக்க வேண்டாமா? அப்படி ஒரு சாலையை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

ஆனால் திசை ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. திசை மிக முக்கியம். நாம் அங்குள்ள திசையை இங்கே வைத்துப் பார்க்கிறோம் என்பதுதான் கோளாறு. சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. அங்கே ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்; ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு நடுவரை மட்டும்தான் வடக்கே போகும். ஆகவே தெற்குச் சுவர் காயும், வடக்குப் பக்கம் குளிரும். தெற்கை அடைத்து வடக்கைத் திறந்து விடு என்றால் அங்கே பொருள் உண்டு. கோலாலம்பூர் இருப்பது 3 பாகையில். மார்ச் கடைசியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது, செப்டம்பர் நடுவில் மீண்டும் வருகிறது. அந்த இரண்டு நாளுக்கும் இடையே அரை ஆண்டு வடக்கே, மீதி அரை ஆண்டு தெற்கே. வடக்கும் தெற்கும் இங்கே சமம்! தெற்கு பார்த்த வீடு ஆகாது என்பதற்குச் சூரியனின் சாட்சி இங்கே இல்லை. இங்கே பொல்லாதது மேற்கு. ஆண்டு முழுக்கப் பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில் அறைகிறது. செங்கல் சுவர் அதை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு நம் படுக்கைமேல் விடுகிறது.

மழையும் வேறு. சென்னைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும் பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நமக்கு 2,500க்குப் பக்கம், அதுவும் ஆண்டு முழுவதும் பரவி. காரைக்குடியின் வறண்ட வெயிலுக்குத் தடித்த சுவர் குளுமை. நம் ஈரக் காற்றுக்குச் சுவரைவிடத் திறப்புதான் முக்கியம். இதைக் கம்பத்து மலாய்க்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தூண்மேல் நிற்கும் வீடு, செங்குத்தான அத்தாப்புக் கூரை, நீண்ட இறவாணம், தரை வரை திறக்கும் சன்னல், சட்டென்று குளிர்ந்துவிடும் மெல்லிய மரச்சுவர். லிம் ஜீ யுவான் 1987இல் எழுதிய மலாய் வீடு பற்றிய நூலில் இதையெல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார். இந்த மண்ணின் வாஸ்து நூல் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் அந்த வீட்டைத்தான் காட்டுவேன். நம் சீன நண்பர்களின் பெங்சுயிக்கும் இதே சிக்கல் உண்டு. முதுகுக்கு வடக்கே மலை, முகத்துக்குத் தெற்கே வெளி என்பது வடக்கிலிருந்து குளிர்காற்று வீசும் சீனாவில் பிறந்த விதி. சுபாங்கில் குளிர்காற்று ஏது?

இதே சுபாங் ஜெயாவில், நம்மவர்கள் பால்மரம் சீவிய சீபீல்டு தோட்டம் இருந்த வட்டாரத்தில், மெசினியாகா கோபுரம் நிற்கிறது. பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்து 1992இல் முடிந்தது. 1995இல் ஆகா கான் விருது பெற்றது. 15 மாடி. மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை எல்லாவற்றையும் கிழக்கே ஒதுக்கி அதையே வெயிலுக்குக் கேடயமாக வைத்தார். அந்தப் பகுதிகளுக்கு இயற்கை வெளிச்சமும் காற்றும் போகின்றன. வெயில் தாக்கும் பக்கச் சன்னல்களுக்கு மறைப்புத் தகடு போட்டார், வடக்கிலும் தெற்கிலும் கண்ணாடியைத் தாராளமாக விட்டார். கழிவறை கிழக்கே! நம் ஆலோசகர்கள் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் குச்சி நட்டு நிழல் பார்த்த அந்தப் பழைய சிற்பி கேட்டிருந்தால், ஏன் என்று விசாரித்திருப்பார், விளங்கிக்கொண்டும் இருப்பார்.

பின்கட்டை மூடியவர்கள்

நம் தரைவீடுகளில் நடப்பதைப் பாருங்கள். முன்னும் பின்னும் மட்டுமே திறப்புள்ள நீண்ட வீடு. வாங்கியதும் முதல் வேலை, பின்பக்கக் காலியிடத்தை எல்லை வரை கூரை போட்டுச் சமையலறையாக நீட்டுவது. அப்புறம் முன்பக்கக் கார் நிறுத்தும் இடத்துக்கும் முழுக் கூரை. நடு அறை பகலிலேயே இருட்டு. காற்று இல்லை, குளிர்சாதனம் வாங்குகிறோம். பிறகு ஆலோசகரை அழைத்து அடுப்பைத் தென்கிழக்கு மூலைக்கு மாற்றுகிறோம். பிரம்மாவின் இடத்தை நாமே மூடிவிட்டு அக்னியைச் சரி செய்கிறோம். அடுப்பு எந்த மூலையில் இருந்தாலும் புகை வெளியேற வழி வேண்டும். அந்தத் தாய்க்கு நான் சொன்னதும் அதுதான்: மூலையை மாற்றக் கடன் வாங்காதீர்கள் அம்மா, கூரையில் ஓர் ஓட்டை விட்டுக் காற்றுப் போக்கி வையுங்கள், செலவு அதில் சிறு பங்குதான்.

நிலச் சரிவைப் பின்னால் சொல்கிறேன் என்றேன். கிள்ளான் ஆறு கோலாலம்பூருக்கு வடகிழக்கே மலையில் பிறந்து, தென்மேற்காக மலாக்கா நீரிணைக்குப் போகிறது. தமிழ்நாட்டுக்கு நேர் எதிர்ச் சரிவு. இங்கே வடகிழக்கில் பள்ளம் இருக்கிறதா, ஈசானிய மூலையில் நீர் இருக்கிறதா என்று வீட்டு எல்லைக்குள் தேடுகிறவர்கள், எல்லைக்கு வெளியே ஆறு எங்கே, வீடு ஆற்றைவிட எவ்வளவு உயரம் என்று கேட்பதில்லை.

2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம். நம் குடும்பங்கள் நிறைய வாழும் இடம். மாடி இல்லாதவர்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள், உயிர்களும் போயின. கிழக்கு பார்த்த வீடும் மேற்கு பார்த்த வீடும், மாவிலை கட்டிய வாசலும் கட்டாத வாசலும் ஒரே மட்டத்தில் நீருக்குள் இருந்தன. சேறு வடிந்தபின் வீட்டைக் கழுவி, மெத்தையை வீதியில் போட்டு, சாமி படத்தைத் துடைத்து மாட்டியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். வேறெங்கே போவது?

அதே வட்டாரத்தில் வீடுகள் இன்றும் கைமாறுகின்றன. வாங்கப் போகிறவர்கள் எண்கணிதம் பார்க்கட்டும், நல்ல நேரம் பார்க்கட்டும், அது அவரவர் நம்பிக்கை. கூடவே ஒரு நாள் மழை விட்ட மாலையில் அந்தச் சாலைக்குப் போய், வடிகாலில் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று பார்க்கலாம். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் 2021இல் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கைவைத்துக் காட்டுவார்.